ஐரோப்பாவைக் காக்க சட்டன் வயர் வேண்டாமாம்

வியாழன் காலை 9.10. புரூசெல்ஸ் நிலையத்தில் லண்டன் ரயிலுக்கான வரிசையில் நிற்கிறேன். ஜேர்மனியின் எசன் நகரில் இருந்து வரும் எனக்கு ஒரு காலத்தில் அடையாள அட்டை போதுமாயிருந்தது. இப்போது கடவுச்சீட்டு வேண்டும். பதினாறு பவுண் கட்டி இணையத்தில் எடுத்த பயண அனுமதியும் வேண்டும். பெல்ஜிய அதிகாரி ஒருமுறை பார்த்தார். பத்தடி தள்ளி பிரித்தானிய அதிகாரி அதையே மறுபடி பார்த்து, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். ஐரோப்பிய நாடுகள் பாதுகாப்பில் எப்படி ஒன்றுசேர்கின்றன என்று பேசும் கூட்டத்துக்கு என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஜேர்மனியில் வெளிவரும் சிறு தமிழ் மாத இதழுக்காக எழுதப் போகிறேன். இரண்டு மணி நேரத்தில் லண்டனின் சென் பாங்கிராஸ் நிலையம். அங்கிருந்து சட்டனுக்கு இன்னொரு ரயில், இன்னும் ஒரு மணி நேரம். புரூசெல்ஸில் இருந்து லண்டனுக்கு வந்த நேரத்தில் பாதியை லண்டனுக்குள்ளேயே தொலைத்தேன்.

சட்டன் நிலையத்தில் அருளப்பு அண்ணை காருடன் நின்றார். மன்னாரில் பிறந்தவர், என் பெரியம்மாவின் மகன். பதினான்கு வருடமாக ஒரு சிறிய தொழிற்சாலையில் கவச வாகனங்களுக்கு உள்ளே ஓடும் வயர்க் கட்டுகளைச் சரிபார்க்கிறார். அந்த வாகனங்களின் பாகங்களைப் பொருத்திப் பூட்டுவது ஜேர்மனியில். மூன்று மாதமாக அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

"என்ன அண்ணை, சண்டை பெருக ஆயுத வேலை கூடத்தானே வேணும்?"

"கூடியிருக்கு. எங்களுக்கில்லை."

சங்கதி இதுதான். ஆயுதம் வாங்க ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குக் கடன் கொடுக்கிறது. ஆனால் வாங்கும் பொருளின் பெறுமதியில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்காவது ஒன்றியத்தோடு சேர்ந்த நாடுகளில் செய்ததாக இருக்க வேண்டும். பிரித்தானியா வெளியே போன நாடு. மிச்ச முப்பத்தைந்துக்குள் அண்ணையின் வயர் அடங்குமா என்று யாரும் சொல்லாததால் வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள்.

"நாளைக்கு அந்த மீற்றிங்கிலை ஒரேயொரு கேள்வி கேள் தங்கச்சி. எங்கட வயர் உள்ளுக்கோ, வெளியிலையோ? எனக்கு அது தெரிஞ்சால் காணும். வேறை வேலை தேடுறதெண்டால் அறுபது வயதுக்கு முன்னம் தேடவேணும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வெளியிலை போக வோட்டுப் போட்டது ஆர் அண்ணை?"

அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்தார். "நாந்தான். போலந்துக்காரர் வாறது நிண்டால் எங்கட ஆக்களுக்கு விசா லேசாகும் எண்டு சேர்ச்சிலை எல்லாரும் கதைச்சவை. மருமகனைக் கூப்பிடலாம் எண்டு நினைச்சன்."

மருமகன் இன்னும் மன்னாரில்தான் இருக்கிறான். எனக்கு வந்த எரிச்சலை வைக்க இடமில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வெள்ளி காலை 8.05. சட்டனில் இருந்து விக்டோரியா முப்பத்தைந்து நிமிடம். பிறகு கூட்டம் நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு இருபது நிமிட நடை, மழையோடு. வாசலில் கழுத்து அட்டைகள் மூன்று நிறத்தில் இருந்தன: ஒன்றியத்தாருக்கு நீலம், பிரித்தானியருக்குச் சிவப்பு, மற்றவர்களுக்குச் சாம்பல். தங்கும் முகவரி சட்டன் என்று எழுதியதால் எனக்குச் சிவப்பைத் தந்தார்கள். கடவுச்சீட்டைக் காட்டி நீலத்துக்கு மாற அரை மணி நேரம். உள்ளே போனால் ஒற்றுமை பற்றிய வரவேற்புரை முடிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் வரலாறு சொன்னார். 1954இல், பிரான்ஸ் தானே முன்வைத்த பொது இராணுவத் திட்டத்தை பிரெஞ்சு நாடாளுமன்றமே கைவிட்டது. 1998இல் பிரித்தானியாவும் பிரான்சும் ஐரோப்பாவுக்குச் சொந்தப் பலம் வேண்டும் என்று இணங்கின. பிறகு பிரித்தானியா பிரிந்தது, உக்ரைனில் போர் வந்தது, திரும்பவும் கைகுலுக்கி ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். எழுபது வருடமாகப் பெண் பார்க்கிறார்கள், தாலி கட்டுவதாகக் காணோம். ஒரு பீரங்கி வண்டி ஐரோப்பாவுக்குள் எல்லை தாண்டவே வாரக்கணக்கில் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். புரூசெல்ஸ் வரிசையில் நின்ற எனக்கு அதை நம்புவது கஷ்டமாக இல்லை.

கேள்விகளை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அண்ணையின் கேள்வியை அப்படியே எழுதினேன். தலைவர் வாசித்தார். மிக முக்கியமான கேள்வி என்றார் முதல் பேச்சாளர். மிக மிக முக்கியமானது என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் நேரம் போதாது என்றார்.

கோப்பி மேசையில், ஜேர்மனியில் இராணுவக் கொள்வனவில் வேலை செய்யும் ஒரு பெண்மணியைப் பிடித்தேன். ஜேர்மன் மொழியில் கேட்டதும் அவர் மனம் திறந்தார்.

"உங்கள் அண்ணனைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரித்தானியப் பாகம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பொறியியலாளர்கள் அந்தப் பாகங்கள் இல்லாதபடி வாகன வரைபடத்தை மாற்றத் தொடங்கிவிட்டார்கள்."

ஒரு நாள் முழுக்க ஒலிபெருக்கியில் வராத பதில் ஒரு கோப்பை கோப்பியில் வந்தது.

மாலையில் அண்ணையிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பதினாலு வருசத்திலை நான் பாத்து விட்ட ஒரு வயரும் பிழையெண்டு திரும்பி வரேல்லை" என்று மட்டும் சொன்னார்.

சனி காலை 10.20. சென் பாங்கிராஸில் திரும்பவும் வரிசை. அண்ணையின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, மனேஜர் மெயில் போட்டிருக்கிறார். எங்கட வயர் செய்யிற லைன் முழுக்க ஜேர்மனிக்குப் போகுதாம். டோர்ட்முண்டிலையாம். உன்ர பக்கந்தானே?"

"ஓம், பக்கந்தான். உங்களையும் கூட்டிக்கொண்டு போவினமோ?"

"அங்கை வேலை செய்ய எனக்குப் பெர்மிட் இல்லையாம். ஆனால் அந்த ஆக்களுக்குப் பழக்கிக் குடுக்க ரெண்டு கிழமை போகலாமாம். அதுக்குக் கொம்பனியே கடிதம் எடுத்துத் தருமாம்." பிறகு கேட்டார்: "உன்ர வீட்டிலை நிக்க ஏலுமோ?"

"வாங்கோ அண்ணை" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

வரிசை நகர்ந்து, அதே நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சு அதிகாரியிடம் கடவுச்சீட்டை நீட்டினேன். என் வீட்டிலிருந்து டோர்ட்முண்டுக்கு ரயிலில் அரை மணி நேரம். வழியில் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்த ரயிலில் அண்ணை பதினான்கு நாள் போய்வருவார், தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க.