மொட்டைமாடி வகுப்பு

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, போனில் வகுப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரான புதுக்கடையில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை மொட்டைமாடியில் போனுக்கு முன்னால் உட்கார வைத்தேன். டீச்சர் பெயரைக் கூப்பிட்டதும், வகுப்பறையில் செய்வதுபோலவே எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுபோனது.

கீழே இறங்கி, பக்கத்து வீட்டு லேண்ட்லைன் போனில் பள்ளிக்கூடத்தை அழைத்துச் சத்தம் போட்டேன்.

"எல்லா வீட்லயும் இதே பாடுதான் சார். எங்க கையில என்ன இருக்கு?" என்றார்கள்.

எரிச்சலோடு மேலே வந்தேன். மகள் வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"இரி மக்கா" என்றேன்.

"டீச்சர் இன்னும் இரிக்கச் சொல்லல்லியே அப்பா."

போனில் டீச்சர் வாய் திறந்தபடி அசையாமல் இருந்தார்.