நான் அளந்து சொல்லாத படிக்கட்டு

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் தங்களுக்கு வந்த கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது என்னால் இன்னொருவருக்கு வந்த கஷ்டம். கள்ளிக்குப்பத்தில் ஆட்டோ ஓட்டும் சாலமோன் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு புதன்கிழமை மத்தியானம் டாக்டர் சொன்னார். அந்தக் கால் நசுங்கியதற்கு நான் காரணம். கையால் ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

என் பெயர் லில்லி. அம்பத்தூரில் மூன்று மாடி எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம் ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இருந்த முதல் மாடி என்னுடையது. ஒரு காலத்தில் பண்டிகை வாரங்களில் அங்கே உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. பிறகு எல்லாரும் போனிலேயே வாங்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் கடைக்கு வருவார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், காய்கறித் தட்டை இழுத்துப் பார்ப்பார்கள், முக்கால் மணி நேரம் என்னைப் பேச வைப்பார்கள். கடைசியில் விலை ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, “ஊட்ல கேட்டுட்டு வரோம்மா” என்று கிளம்புவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்று மேனேஜர் இரண்டாவது மாடியில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். டிவிக்கள் இருந்த மாடி அது. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் யாராவது ஓடிப்போய் ஸ்விட்சைப் போட வேண்டும். ஒரு நாள் ஒரு குடும்பமே பாதிப் படி ஏறி, மேலே இருட்டைப் பார்த்துவிட்டு, கடை மூடிவிட்டது என்று திரும்பிப் போனது. எங்கள் மாடியில் ஏழு பேர் இருந்தோம். மூன்று பேர் ஆனோம். ஆடித் தள்ளுபடிக்கு வாசலில் பேனர் கட்டினோம். அந்த பேனரின் நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்தான் அதிகம்.

தினமும் ஷட்டரைத் தூக்கும்போது, ‘ஆண்டவரே, இந்தக் கடையை மூட விடாதேயும்’ என்று ஜெபம் பண்ணுவேன். கடை இன்னும் இருட்டாகிக்கொண்டே போனது. ஜெபம் பண்ணி வாய் வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். மன்னிக்க வேண்டும், உள்ளதைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய ஃபிரிட்ஜ் கேட்டு வருகிறவர்களிடம் விலை பேசுவதற்கு முன்னால், “வீடு எந்த மாடி? படி எவ்வளவு அகலம்?” என்று கேட்பேன். நம் பக்கத்து வீடுகள்தான் தெரியுமே. கீழே கட்டி, பிறகு வாடகைக்கு மேலே கட்டி, படியைச் சந்தில் எங்கேயோ நெருக்கி வைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் விற்ற ஃபிரிட்ஜ் ஒன்று பருத்திப்பட்டில் ஒரு வாசக்காலில் சிக்கித் திரும்பி வந்தது. மேனேஜர் அன்று கிழித்த கிழியில், அடுத்த நாளே ஒரு அளவு டேப் வாங்கி கைப்பையில் போட்டேன். சந்தேகமான வீடு என்றால் வேலை முடிந்து போகிற வழியில் நானே அளந்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வேன்.

சாலமோன் அண்ணனின் மனைவி கிரேஸ் அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். அவர்களுடைய பழைய ஃபிரிட்ஜ் நின்றுபோய், மாவு புளித்து வீணாகிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் கடைக்கு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினேன். மாவு டப்பாக்கள் எத்தனை அடுக்கலாம் என்று எண்ணிக்கூடப் பார்த்தோம். கடைசியில் பெரிய இரட்டைக் கதவுப் பெட்டி ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. விற்கப்போகிற சந்தோஷத்தில் படியைப் பற்றிய பேச்சை எடுக்கவே மறந்துபோனேன்.

“உங்கிட்டதான்டி வாங்குவேன்” என்றார். “அண்ணன்கிட்ட ஒரு தபா காட்டிட்டு வரேன்.” ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கோச்சிக்காத லில்லி. அதே பெட்டி போன்ல கம்மியா கீது. அண்ணன் ஆர்டர் போட்ருச்சு. புதன்கிழமை வந்துரும்.”

அந்த நிமிஷமே அவர்கள் வீட்டுப் படி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வாராவாரம் ஏறுகிற படி. நடுவில் ஒரு வளைவு. எதிரே ஒருவர் இறங்கினால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பெட்டி அந்த வளைவில் திரும்பாது. கதவுகளைக் கழற்றி, விவரம் தெரிந்த நாலு ஆள் பிடித்தால் ஒருவேளை போகலாம். இத்தனையும் எனக்குத் தெரியும். டேப் என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது.

“சந்தோஷம்க்கா. நல்லபடியா வரட்டும்” என்றேன்.

வரட்டும், படியில் நின்று முழிக்கட்டும், அப்போது தெரியும் லில்லியின் அருமை. இதுதான் என் மனசில் ஓடியது. சற்று முன்னால்தான் திருவிருந்தில் அப்பம் எடுத்த அதே வாய். திங்கட்கிழமை ஒரு தடவை போனைக் கையில் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு தடவை எடுத்தேன். நான் சொன்னால் மட்டும் நம் கடைக்கா வரப்போகிறார்கள் என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஆள் இல்லாத மாடியில் ஃபிரிட்ஜ் கதவுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிரேஸ் அக்காவிடமிருந்து போன். அழுகைக்கு நடுவில்தான் பேச்சு வந்தது. “லில்லி... பெட்டி... அண்ணன் கால் மேல...”

டெலிவரிக்கு வந்தவர்கள் வளைவு வரைக்கும் ஏற்றிப் பார்த்துவிட்டு, போகாது என்று கீழே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலில் நிற்கிறதே, மாவு வேறு கெட்டுப்போகிறதே என்று அண்ணன் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி ஏற்றியிருக்கிறார். வளைவில் பெட்டி சாய்ந்தது. கயிறு நழுவியது. அண்ணனுடைய கால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் போனது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு எலும்பு முறிவு, அதைவிடப் பெரிய கவலை, பாதத்துக்கு ரத்தம் இறங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் பண்ணுகிறோம், சாயங்காலத்துக்குள் பாதத்தில் சூடு வரவில்லை என்றால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். ஆட்டோவுக்குப் பிரேக் வலது காலில். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீதான்டி ஜெபம் பண்ணணும்” என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டார். “உன் கொரல் ஆண்டவருக்குக் கேக்கும்டி.”

என் குரல்! ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் எங்கே போயிருந்தது? என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வராந்தாக் கோடியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் முழங்காலில் விழுந்தேன். பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை. கண்ணீர்கூட வரவில்லை. ‘ஆண்டவரே, கடை போகட்டும். இனி அதைக் கேட்க மாட்டேன். அந்தக் காலை மட்டும் விட்டுவிடும். அவர் காலுக்கு உயிர் வந்தால் உண்மையை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.’ இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் நர்ஸம்மா வெளியே வந்தார். “விரல்ல சூடு வந்துருச்சும்மா. கால் தப்பிச்சுது.”

அக்காவோடு என்னையும் உள்ளே விட்டார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் பாதி மயக்கத்தில் என்னைப் பார்த்து, “இன்னா லில்லி, அழுதுகினு கீற? உங்க கடைல வாங்கிருந்தா உங்க ஆளுங்களே பாத்து ஏத்திருப்பாங்க, இல்ல?” என்றார். நான் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கர்த்தர் அவர் பங்கைச் செய்துவிட்டார். நான் என் பங்கைச் செய்யவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று வாரங்கள் ஓடின. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், துணி துவைத்துக் கொடுத்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தபோது அப்பம் எடுக்கப் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஏன் என்று கேட்டார். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

“ஊர் உலகத்துல ஒரு விஷயத்துக்காவது வாய மூடிகினு இருந்துகீறியாடி நீ? அன்னிக்கு மட்டும் எப்புடி மூடிகினு இருந்த?”

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்குப் போனேன். வளைவில் சுவர்ப் பூச்சு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. அக்கா மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

“வாசல்ல நான் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“டேப்பு பையிலயே இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“எறங்கிப் போ லில்லி” என்றார். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள் அறையில் கட்டிலில் அண்ணன் இருந்தார், எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும். இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நான் போகவில்லை. அந்த மாதங்களில்தான் எங்கள் கடையையும் மூடினார்கள். கடைசி நாள் முதல் மாடி விளக்குகளை நானே ஒவ்வொன்றாக அணைத்தேன். காட்சிக்கு வைத்திருந்த பெட்டிகளை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள், தரையில் அவை நின்ற சதுரங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. மேனேஜர் ஷட்டர் பக்கத்தில் நின்று, “டெய்லி ஜெபம் பண்ணீங்களே லில்லி மேடம், கேட்டது கிடைக்கலையே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கும் வேலை போயிருந்தது.

“வேற ஒண்ணு கேட்டேன் சார். அது கிடைச்சிருச்சு” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

இப்போது ஆவடியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும். எல்லாம் முன்னைவிட நன்றாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பழைய கடை வழியாக பஸ் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை போன் அடித்தது. கிரேஸ் அக்கா. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“கடைல வெச்சிருக்கற மாதிரி பெரிய கிரைண்டர் வாங்கறோம். போன்லதான் வாங்கப்போறோம், சொல்ட்டேன். வந்து படிய அளந்துட்டுப் போ.”

மருந்துக் கடையில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். வளைவில் குனிந்து டேப்பை இழுத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை, நழுவிக்கொண்டே இருந்தது. மேலே கதவு திறந்தது. சாலமோன் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியிலும் முதலில் இடது கால், பிறகு வலது கால். நாலு படி. வளைவுக்கு வந்து, வலது காலை ஊன்றி நின்று, குனிந்து, டேப்பின் முனையைச் சுவரோடு வைத்துப் பிடித்தார்.

“எவ்ளோ வருது?”

“இருபத்தாறு அங்குலம்ண்ணா.” எனக்கு எண் மங்கலாகத் தெரிந்தது, இரண்டு தடவை பார்த்துத்தான் சொன்னேன்.

மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “அளந்தாச்சுன்னா மேல வந்து டீ குடிச்சுட்டுப் போவச் சொல்லுங்க அவள.”

நான் கேட்ட முதல் ஜெபத்துக்குக் கர்த்தர் ‘இல்லை’ என்றார். இரண்டாவது ஜெபத்துக்கு அந்தப் படியில் பதில் நின்றுகொண்டிருந்தது. அவரை நம்புங்கள் அன்பானவர்களே, கை மீறிப்போனதையும் அவரிடம் கொண்டுபோங்கள். ஆனால் யாரிடமாவது நீங்கள் சொல்ல வேண்டியது ஏதாவது வாய்க்குள் நின்றிருந்தால், போய் அதை முதலில் சொல்லிவிட்டு வந்து முழங்கால் போடுங்கள். அப்புறம் ஒன்று. பெரிய பெட்டி எதை வாங்கினாலும், எங்கே வாங்கினாலும் சரி, என்னைக் கூப்பிடுங்கள். டேப் பையிலேயே இருக்கிறது.