கழுத்து வரைக்கும் பெட்ரோல்

என் அக்கா புருஷனை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. ஒரு சின்னக் கண்ணாடி அறை, தடதடக்கும் மின்விசிறி, எண்கள் ஓடும் பெட்டி. சுமையோடு எடை போடும்போது தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு ஆட்கள் படுத்திருப்பார்கள். சரக்கை இறக்கிவிட்டு மறுபடி எடைக்கு வரும்போது அவர்கள் இருக்க மாட்டார்கள்; அவர்கள் எடையும் சரக்குக் கணக்கில் ஏறிவிடும். இதையே காலமெல்லாம் பார்த்த மனிதருக்கு உலகத்தில் எந்த அளவுமே பொய்தான். காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூட இரண்டு தடவை வைத்துத்தான் நம்புவார்.

எல்லாரையும்விடப் பெரிய திருடன் பெட்ரோல் பங்க்காரன் என்பது மாமாவின் முடிவு. டேங்க் நிறைந்ததும் குழாய் 'டக்' என்று தானாக நிற்கும் இல்லையா, அது அவருக்கு முதலாளி செய்து வைத்த தந்திரம். "இன்னும் போகும், போடும்மா" என்பார். பிறகு வண்டியில் இருக்கிறவர்களை எல்லாம் இறக்குவார். கூரை விளிம்பைப் பிடித்து வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். உள்ளே இருக்கும் காற்று வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்குமாம். மறுபடி ஊற்று, மறுபடி ஆட்டு. டேங்க் கழுத்தில் பெட்ரோல் பளபளவென்று கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மூடியைத் திருகுவார். பங்கில் வேலை செய்யும் பெண்கள் அவருக்குக் 'கடைசிச் சொட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

கொஞ்ச நாளில் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடும். பெட்ரோல் போட்ட கையோடு சாவியைத் திருப்பினால் மட்டும் இருமும், செருமும், கிளம்பாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக இன்ஜின் விளக்கு வேறு எரியத் தொடங்கியது. மெக்கானிக் பொறுமையான ஆள்.

"சார், டேங்க்ல கிளம்புற ஆவியைப் பிடிச்சு வைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கு. அதுக்குள்ள ஆவிதான் போகணும். நீங்க பெட்ரோலையே ஊத்தி அதை ஊற வச்சிருக்கீங்க. பெட்டியை மாத்தித் தரேன். ஆனா இனிமே குழாய் நின்னா நிறுத்திடணும்."

மாமா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். "குழாய் நின்னா நிறுத்திடணுமாம். இவனும் பங்க்காரனும் கூட்டு" என்றார். பெட்டியை மாற்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி, அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிவிட்டார்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எங்கள் வீட்டிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். அப்பாவையே எதிர்த்துப் பேசுவாள், அப்பா அதை ரசிப்பார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எது சொன்னாலும் மாமா அதையும் மேடையில் ஏற்றி எடை போட்டார். எத்தனை நாள்தான் ஒருத்தி மல்லுக்கட்டுவாள்? 'சரிங்க' என்று சொல்லப் பழகிவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அக்கா வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஒருநாள் காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். அக்காவுக்குப் போன் செய்தேன். அதன் பிறகு அப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ கிளம்பிட்டாளா?"

"கிளம்பிட்டாப்பா."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "பங்க்ல நிக்கிறோம்டா. வண்டி ஸ்டார்ட் ஆகல" என்றாள் அக்கா. பின்னால் சாவியைத் திருப்பித் திருப்பி இன்ஜின் கரகரக்கும் சத்தம். போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாமா, அவளை ஒரு ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிடுங்க."

"சொந்த வண்டியை வச்சிக்கிட்டு பஸ்ஸா? அஞ்சு நிமிஷம் பொறு. பெட்ரோல்ல எதையோ கலந்துட்டான். இவனை நான் சும்மா விடப் போறதில்ல."

பேட்டரி படுக்கும் வரை சாவியைத் திருப்பினார். பிறகு மேனேஜர் அறைக்குச் சண்டைக்குப் போனார். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் ஜன்னல் பக்கம் வந்து, "வெளிய ஆட்டோ நிக்குதும்மா, நீங்க போயிடுங்க" என்றிருக்கிறாள். "அவர் வந்துடட்டும்" என்று பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள் அக்கா.

இங்கே நான் அப்பாவிடம், "பாதி வழி வந்துட்டாப்பா" என்று பொய் சொன்னேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அப்பா முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார். நர்ஸ் வருவாள், துடைக்கிறவர் வருவார், பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் அவர் திரும்பவில்லை.

வாடகைக் கார் பிடித்து அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா அப்பாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

எல்லாம் முடிந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பங்க்காரன், கலப்படம், தான் கொடுத்திருக்கும் புகார். அவர்களும் 'ப்ச்' கொட்டினார்கள். எழுந்து போய் ஓங்கி ஒன்று விடலாமா என்றுதான் எனக்கு இருந்தது.

தண்ணீர்த் தட்டோடு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கிளம்பும்போதே முக்கால் டேங்க் இருந்துச்சு" என்றாள் என்னைப் பார்த்து. "போயிட்டு வர்றதுக்கே அது போதும்."

மாமா திரும்பினார். "நடு வழியில தீர்ந்துபோனா யாரு பதில் சொல்றது?"

அவள் அவர் பக்கமே பார்க்கவில்லை.

"என்னை இறங்கி அந்தப் பக்கம் பிடிச்சு ஆட்டச் சொன்னார்டா. அப்பா அங்க என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கார். நானும் இறங்கி ஆட்டினேன்."