அழிக்க அழிக்க முளைத்த பக்கம்

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அதிலும் அன்று சாயங்காலம், செய்யாரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரவுசரைத் திறந்தால் வழக்கமாக வரும் வெள்ளைப் பக்கத்தைக் காணோம். யார் வைத்தது என்றே தெரியாத ஒரு தேடல் பக்கம். அதன் இரண்டு ஓரங்களிலும் அரைகுறை உடுப்பில் பெண்கள் கண்ணடித்துக்கொண்டு நின்றார்கள். வயசுப்பெண் இருக்கிற வீடு. சட்டென்று திரையை அணைத்தேன்.

எங்கள் வீட்டில் மூன்றே பேர்தான். என் கணவர் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். மகள் அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருஷம். நான் தொழிற்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் என்பதால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கும் உத்தியோகமும் என்னுடையதே.

அன்றே உட்கார்ந்து, எனக்குத் தெரியாத மென்பொருளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் பிய்த்துப்போட்டு, முதல் பக்கத்தைப் பழையபடி மாற்றினேன். மறுநாள் சாயங்காலம் திறந்தால் அதே பக்கம், அதே பெண்கள். மறுபடி நீக்கினேன். மூன்றாம் நாளும் வந்து நின்றது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரிடம் கேட்டேன்.

"தெனம் நீக்கியும் தெனம் வருதுன்னா, யாரோ தெனம் போடறாங்க மேடம்" என்றார் அவர்.

யாரோ என்ன யாரோ? என் கணவர் ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவர். மிச்சம் இருப்பது ஒருத்திதானே! வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டேன். படம் பார்க்கிறேன் என்று கண்ட கண்ட சைட்டுக்குள் போகிறாயா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். இல்லை என்று அழுதாள். நான் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வர்டு போட்டேன். வியாபாரி அனுப்பும் புடவை மாடலைப் பார்க்க வேண்டும் என்று கணவர் கேட்டதால், அவருக்கு மட்டும் அதைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்து நின்றாள்.

"எம்.எஸ்ஸி. என்ட்ரன்ஸுக்கு அப்ளிகேஷன் போடணும்மா. சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் ஏத்தி வெச்சிருக்கேன். பத்து நிமிஷம் குடு."

"மொதல்ல அந்த அசிங்கம் வராம நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவள் மறுபடி கேட்கவில்லை. ரோஷத்தில் என்னை உரித்து வைத்தவள்.

அந்த அசிங்கமோ நிற்கவில்லை. பாஸ்வர்டையும் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. வேறு பாஸ்வர்டு போட்டு, அதையும் கணவரிடம் மட்டும் சொன்னேன். மகளிடம் பேச்சையே நிறுத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். சரியாகப் பன்னிரண்டுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கோயில் மணி போலக் கணகணவென்று சத்தம். பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், திரையின் மூலையில் ஒரு பஞ்சாங்கம் துள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் அதே பக்கம், அதே பெண்கள்.

"இன்னாங்க இது?"

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி கணவர் சாவகாசமாகச் சொன்னார்: "அதுவா, ராகு காலம் முடிஞ்சிச்சின்னு அடிக்குது. குழிய விட்டு ஏறி ஏறி மணி பாக்கறது பேஜாரா கீது. நீதான் கிளீன் பண்றேன்னு தெனம் அதையும் சேத்துத் தூக்கிடற. வேல பாத்துட்டு வர்றவளை எதுக்குத் தொல்ல பண்ணணும்னு, காலைல நானே திரும்பப் போட்டுகினு கீறேன். கேக்கறதுக்கெல்லாம் ஓகே ஓகேன்னு அமுக்கிகினே போனா வந்துடுது."

ராகு காலத்தில் தறியில் புதுப் பாவு நூலை இணைக்க மாட்டார், முடிந்த புடவையைத் தறியிலிருந்து அறுக்கவும் மாட்டார். இது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். அவர் அமுக்கிய ஒவ்வொரு ஓகேயிலும் பஞ்சாங்கத்தோடு அந்தப் பெண்களும் வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். அவரைத் திட்ட வேண்டுமானால், மகளை நான் படுத்திய பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஒன்னுமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் இறக்கி வைத்திருந்த அந்தப் பஞ்சாங்க ஃபைலைத் தேடி எடுத்து அடியோடு அழித்தேன்.

ஐந்து மணிக்கு மகள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு, அப்ளிகேஷனைப் போடு."

"நேத்தோட முடிஞ்சிச்சும்மா."

பெற்றவளே பிள்ளைக்குச் செய்கிற காரியமா இது? தறிப் பக்கம் கேட்காதபடி தணிந்த குரலில் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவள் தறி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பாகிட்ட இதைச் சொல்லாதம்மா. தாங்க மாட்டாரு" என்றாள்.

சற்று நேரத்தில் அவர் வேலையை முடித்துக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"சுத்தமாய்டிச்சே! பாத்தியா, பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சதும் சரியாப்போச்சி" என்றார் சந்தோஷமாக.

மகள் தலையை ஆட்டினாள். அவருடைய போனை வாங்கி, வாரத்தின் ஏழு நாளுக்கும் ராகு காலம் முடிகிற நேரத்துக்கு அலாரம் வைத்துக் கொடுத்தாள்.