தொடுதிரைப் பூட்டுக்காரர்

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறார். மோதிரத்தையும் கழற்றி அதன்மேல் போடுகிறார். ஆள்காட்டி விரலைக் காற்சட்டையில் தேய்த்து, நகத்தை உற்றுப் பார்த்து, திருப்தி ஏற்படாமல் மறுபடியும் தேய்க்கிறார். அதன் பிறகுதான் வாய் திறக்கிறார். அதுவும் மனிதர்களிடம் அல்ல.

"மாப்பிள்ளைக்கு இன்னைக்கு என்ன கோவம்?"

மாப்பிள்ளை என்பது பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நெஞ்சுயரத்தில் நிற்கும் தொடுதிரை இயந்திரம். என்ன வேலையாக வந்திருக்கிறோம் என்பதைத் திரையில் தொட்டால், வரிசை எண் அச்சிட்ட சீட்டு ஒன்றை நீட்டும். அந்தச் சீட்டு இல்லாதவரை எந்தச் சாளரத்திலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாசலில் நின்று மரியாதையை எதிர்பார்ப்பதாலும், காரணம் சொல்லாமல் முறுக்கிக்கொள்வதாலும் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார் அவர். அவருக்குப் பெயர் சூட்டியவர்கள் சீட்டுக்காகக் காத்திருக்கும் நாங்கள். பூட்டுக்காரர்.

அவர் இரும்புப் பூட்டைத் தொட்டுப் பார்த்தவர் அல்லர். இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது வீட்டு மேசையில் இருப்பதைப் போன்ற கணினிதான். அது வேறெந்த வேலைக்கும் போய்விடாமல், ஒரே ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும்படி கட்டிப்போடுகிற மென்பொருள் ஒன்று உண்டு. அதைத்தான் அவர் பூட்டு என்பார். "பூட்டைக் கழட்டிட்டா அவ்வளவுதான் சார். ஒருத்தர் மேட்ச் பாப்பாரு, ஒருத்தர் சீட்டாடுவாரு, ஒருத்தர் பேரப்பிள்ளைக்கு பாட்டு போட்டுக் காட்டுவாரு. டோக்கன் குடுக்க நாதி இருக்காது."

என் மேல்முறையீடு ஒன்று அந்த அலுவலகத்தில் நெடுங்காலமாக நிலுவையில் இருப்பதால், அவரை அடிக்கடி காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கண்டதை மட்டுமே எழுதுகிறேன். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறிப்பிடுகிறேன்.

ஒல்லியான மனிதர். தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் பை அவரைவிடக் கனமானது. இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்புவரை உள்ளே போய்விடுவார். டார்ச் வாயில் இருக்கும்போதும் பேச்சு நிற்காது. அந்தப் பேச்சில் உயிரெழுத்துகள் மட்டுமே வெளியே வரும். மெய்யெழுத்துகளை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருமுறை பெரியவர் ஒருவர், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றார். பூட்டுக்காரர் தலையை வெளியே எடுத்து, டார்ச்சையும் வாயிலிருந்து எடுத்து, மிகுந்த பணிவுடன் சொன்னார்: "பண்ணிட்டேன் பெரியப்பா. மெஷினுக்குக் கேக்கல. நீங்க வேணா ஒரு தடவை வெளியில போயிட்டு உள்ள வந்து பாருங்க, உங்களுக்காவது கேக்குதான்னு." முதலில் சிரித்தவர் அந்தப் பெரியவரே.

அவருடைய மனைவி அநேகமாக அவர் இயந்திரத்துக்குள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அழைப்பார். கை ஒழியாததால் பேச்சு ஒலிபெருக்கியில் நடைபெறும். கூடத்தில் இருப்போர் அனைவரும் சாட்சிகள்.

"ஏங்க, வீட்டுச் சாவி எங்க?"

"என் பையிலதான் பத்திரமா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம். நான் தெருவுல பத்திரமா நிக்கிறேன்."

இத்தகைய மனிதருக்கு ஒரு குறை இருந்தது. அதையும் பதிவு செய்வதே முறை. தம் பூட்டில் பிழை இருக்கக்கூடும் என்பதை அவர் கனவிலும் ஒப்பியதில்லை. "பூட்டு தப்பு பண்ணாது சார். கைதான் பண்ணும்" என்பார். கோளாறை நீக்கியதும் கைப்பேசியில் தம் நிறுவனத்துக்கு அறிக்கையும், அலுவலகத்துக்கு அதன் நகலும் அனுப்ப வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'பயன்படுத்துவோர் தவறு' என்று அவர் விரல் தானாகவே தட்டிவிடும்.

அண்மையில் மாப்பிள்ளைக்குப் புதிய நோய் ஒன்று வந்தது. காலையில் கதவு திறக்கும்போதே திரை இறுகிப்போய், 'நிர்வாகியை அணுகவும்' என்று சிவப்பெழுத்தில் நிற்கும். பூட்டுக்காரர் வந்து விடுவித்துவிட்டுப் போனார். சில நாளில் மீண்டும் வந்து விடுவித்தார். இரண்டு முறையும் அதே வரியைத் தட்டினார்.

அந்த வரி அவரைவிட வேகமாக நடந்தது. அலுவலகத்தின் தலைவியான அம்மையார் அதைப் படித்துவிட்டு, எந்தப் பயன்படுத்துவோர் என்று அறியக் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு காலைகளிலும் திரை சிவப்பதற்குச் சற்று முன்பு அதன்மேல் இருந்த கை, கூடத்தைத் துப்புரவு செய்யும் பெண்மணியின் கை. மூன்றாம் முறையும் திரை சிவந்தபோது வேறு விசாரணை தேவையில்லை என்று ஆயிற்று. நாளை முதல் வேறு ஆளை அனுப்புமாறு துப்புரவு ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். கேமரா பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆவணம் உண்மையாக இருந்தும் அதிலிருந்து எடுத்த முடிவு பொய்யாக இருக்கக்கூடும் என்பதைச் சொந்தச் செலவில் கற்றவன் நான்.

அன்று காலை பூட்டுக்காரர் வந்தபோது அந்தப் பெண்மணி தூணோரம் வாளியுடன் நின்றிருந்தார். எல்லோரும் அக்கா என்று அழைக்கும் அவர், தரையைக் காயும்வரை யாரையும் மிதிக்கவிடாதவர். கால் வைத்தவர் அதிகாரியானாலும், "அந்தக் கால அப்படியே பின்னாடி எடுங்க" என்று நிறுத்திவிடுவார். அன்று அவர் போட்ட ஈரத்தில் யார் யாரோ நடந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னக்கா, இன்னைக்கு சத்தத்தையே காணோம்?" என்றார் பூட்டுக்காரர்.

"சத்தம் போட நாளைக்கு வேற ஆள் வருது தம்பி. நான் மெஷின நோண்டுறேனாம். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே."

"நானா? நான் பேர் எதுவும் எழுதலையே!"

"பேர் இல்லாட்டி என்ன? கேமராவுல மூஞ்சி இருக்கே. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். வேற எடம் கெடைக்கிற வரைக்கும் மெஷின் வந்து அடுப்பெரிக்குமா?"

பூட்டுக்காரர் தோள்பையை இறக்கிவைத்தார். பின்கதவைத் திறந்து உள்ளே போனார். இம்முறை டார்ச் வாயில் இருந்தும் பேச்சு இல்லை. பூட்டு தானே எழுதிவைக்கும் பதிவைக் கைப்பேசிக்கு வரவழைத்துப் படித்தார். திரை இறுகிய ஒவ்வொரு காலையிலும் யாரோ மறைவுக் கதவைத் திறந்து, மூன்று முறை தவறான கடவு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை தவறினால் பூட்டு தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். அவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள்.

மறைவுக் கதவு என்பது, பிறகு அவரே எனக்கு விளக்கியபடி, அவர் உள்ளே போய்வர வைத்துக்கொண்ட வழி. திரையின் வலது மேல்மூலையில் அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால், கடவு எண் கேட்கும் பெட்டி தோன்றும். அந்த மூலையில் பொத்தான் எதுவும் இல்லை. எனவே யாரும் அங்கே விரல் வைக்கப் போவதில்லை என்பது அவர் கணக்கு. கம்பியை மாற்றிப் பார்த்தார். தொட்ட இடமும் திரை உணரும் இடமும் ஒன்றுதானா என்று அளவு திருத்திப் பார்த்தார். வரிசையில் இருந்த எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். மாப்பிள்ளை எல்லோருக்கும் சமர்த்தாகச் சீட்டு கொடுத்தது.

கடைசியில் தூணருகே போனார். "அக்கா, நீங்க தினம் தொடைக்கிற மாதிரி ஒரு தடவை தொடைச்சுக் காட்டுங்க."

"நான் தொட மாட்டேன் சாமி. இருக்கிற பழி போதும்."

"நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்ன ஆனாலும் அது என் தலையில. வாங்கக்கா."

அவர் வந்தார். துணியை நனைத்து, பிழிந்து, நான்காக மடித்தார். முதலில் கை போன இடம் வலது மேல்மூலை. எப்போதோ அங்கே யாரோ ஓர் அறிவிப்பை ஒட்டி, பிறகு கிழித்துவிட்டிருந்தார்கள். ஒட்டுநாடாவின் பசை மட்டும் தங்கி, சில நாளுக்கொருமுறை தூசியைப் பிடித்துக் கருத்துவிடும். தேய்த்தால் பசை பரவும் என்பதால் துணியின் ஈர முனையால் அதை ஒற்றினார். ஒற்று, ஒற்று, ஒற்று, ஒற்று, ஒற்று. பெட்டி திறந்தது. அவர் கண் கறையில் இருந்தது, பெட்டியைப் பார்க்கவில்லை. துணியை விரித்து மேலிருந்து கீழாக இழுத்தார். அது வழுக்கிப் போகாமல் துள்ளித் துள்ளி இறங்கி, எண்களை ஒவ்வொன்றாக அமுக்கி, அடியில் குறுக்கே நீண்டிருந்த 'சரி' என்ற பொத்தானில் போய் முடிந்தது. எண்களின் அடுத்த பத்தி. அதற்கடுத்த பத்தி. திரை சிவந்தது.

"ஐயய்யோ!" என்று அவர் துணியை மார்போடு சேர்த்துக்கொண்டார். "பாருங்க, நான் சொன்னேன்ல!"

பூட்டுக்காரர் கையிலிருந்த டார்ச்சை மெதுவாகப் பையில் வைத்தார். திரையை விடுவித்துவிட்டு, "இன்னொரு தடவை தொடைங்கக்கா" என்றார். இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது.

வரிசையில் நின்றவர்களுக்குத் திரை சிவந்தது மட்டும்தான் தெரிந்தது. அவர்களில் பலர் அந்தப் பெண்மணியைத்தான் பார்த்தார்கள். மறைவுக் கதவை எந்த மூலையில் வைப்பது, எத்தனை தட்டு என்பதையெல்லாம் தேர்ந்தெடுத்தவர் யார் என்பது பூட்டுக்காரர் ஒருவருக்கே தெரியும். சத்தமில்லாமல் அதை மாற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வழக்கமான வரியைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். நோய் தீர்ந்திருக்கும். மறுநாள் வேறொருவர் வந்து தரையைத் துடைத்திருப்பார். ஆளை மாற்றியதால்தான் சரியாயிற்று என்று அலுவலகமும் நம்பியிருக்கும்.

அவர் கடிகாரத்தையும் மோதிரத்தையும் மாட்டிக்கொள்ளக்கூட இல்லை. நேராக அம்மையாரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது, என் இருக்கை அதற்கு நேர் எதிரில்.

"மேடம், அந்தக்கா மேல தப்பில்ல. தப்பு என்னோடது."

"கேமராவுல தெளிவா இருக்கேங்க."

"தொடைக்கிறது இருக்கு மேடம். தொடைக்கிறதுக்குத்தான அவங்களுக்குச் சம்பளம். கதவை அழுக்குப் பிடிக்கிற மூலையில வெச்சது நான்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டு தடவையும் பயன்படுத்துவோர் தவறுன்னு எழுதினீங்களே?"

"விசாரிக்காம எழுதினேன்."

"நான் உங்க கம்பெனிக்கு எழுதித்தான் ஆகணும். தெரியுமில்ல?"

"எழுதுங்க மேடம். அதுக்கு முன்னாடி அந்த காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க. நாளைக்கு ஆள் மாத்திட்டாங்கன்னா அப்புறம் பேசிப் பிரயோசனம் இல்ல."

அம்மையார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுக்கும் ஓசை. "அந்த அம்மாவே இருக்கட்டும்... ஆமா, அவங்களேதான். என்கொயரி முடிஞ்சிருச்சு" என்று அம்மையார் சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன். அலுவலகம் ஒன்று தன் முடிவை வாய்மொழியாகத் திரும்பப் பெற்றதை நேரில் கண்டது எனக்கு அதுவே முதல் முறை.

பூட்டுக்காரர் திரும்பி வந்து மூலையை மாற்றினார். இனி கீழே உள்ள இரு மூலைகளையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்தால்தான் மறைவுக் கதவு திறக்கும். அலுவலகம் திறப்பதற்கு முன் திரை எந்தத் தொடுகைக்கும் அசையாமல் உறங்கும்படியும் செய்தார். "இப்ப தொடைங்கக்கா, உங்க கோவம் தீர்ற வரைக்கும்." அவர் முதலில் சுண்டுவிரலால் தொடுவதுபோல் துடைத்தார், பிறகு முழுக்கையால் துடைத்தார். மாப்பிள்ளை சிவக்கவில்லை. கூடத்தின் மறுகோடியில் யாரோ ஈரத்தில் கால் வைத்தார்கள்.

"அந்தக் கால அப்படியே பின்னாடி எடுங்க!" என்றது பழைய குரல்.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பியபோது, பூட்டுக்காரர் கைப்பேசியில் எதையோ அழித்து அழித்துத் தட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, ஒரு நிமிஷம். இதை அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க படிச்சிடுங்க. காரணம்னு போட்டிருக்கிற எடத்துல."

"எனக்கு மெதுவாத்தான் படிக்க வரும் தம்பி."

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கி, வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படிக்கத் தொடங்கினார். படித்து முடியும்வரை அந்த அழுக்குத் தண்ணீர் வாளியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, காயாத தரையின் விளிம்பில் நின்றிருந்தார் பூட்டுக்காரர்.