துவக்கோடு நிற்கும் குடியேற்றக்காரர்

ரொறன்ரோவில், அருங்காட்சியகமாக்கப்பட்ட ஒரு பழைய வீட்டில் நான் காவல் வேலை பார்த்தேன். என் அறையில் பெரியதோர் ஓவியம் இருந்தது. இந்தப் பகுதிக்கு முதலில் வந்து குடியேறி, மற்றக் குடியேறிகளைத் திரட்டிப் படை நடத்தியவருடையது. சிவப்புக் கோட்டு, சுடத் தயாராகக் கையில் துவக்கு, பின்னால் வெட்டிச் சரித்த மரங்கள்.

பனி கொட்டிய ஒரு பிற்பகலில் அதன் முன்னால் ஒருவர் அசையாமல் நின்றார். அறுபது வயதிருக்கும். ஒரு கை கோட்டுக்குள். வேறெங்கோ இப்படியொருவரின் சிலைக்கு எதிர்ப்பாளர்கள் மை ஊற்றியிருந்தார்கள். எங்களைக் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தமிழோ தங்கச்சி?”

“ஓம் அண்ணை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

“கீழ என்ன எழுதியிருக்கு?”

“வெறுங்காணியாக் கிடந்த இடத்திலை வந்து குடியேறினவராம்.”

“வெறுங்காணியோ? அப்ப துவக்கு என்னத்துக்கு?”

பேச்சு மட்டக்களப்புப் பக்கம். “எங்கட ஊருக்கும் அரசாங்கம் குடியேத்தின ஆக்கள் முதல்ல காடு வெட்டத்தான் வந்தாங்க. மறுகா அவங்களுக்கு ஆமிக்காரங்க துவக்கு குடுத்தாங்க. நாங்க ஓடினம். அண்ணன் வரல்ல.”

சொல்லும்போதே கோட்டுக்குள்ளிருந்த கை வெளியே வந்து படத்தை நோக்கி நீண்டது. நான் குறுக்கே பாய்ந்தேன். அபாய மணி அலறியது. என் தோளில் முட்டி நின்றது வெறுங்கை.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். பொலிசைக் கூப்பிடவா, இவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலைசுற்றி விழப் பார்த்தார் என்று சொல்லிவிடலாமென நினைத்தேன்.

“நான் கேட்டதை அப்பிடியே சொல்லுங்க,” என்றார் வந்தவர் தமிழில்.

சொன்னேன். வெறும் நிலமென்றால் துவக்கு எதற்கு என்று கேட்கிறார். மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என்னை. கையிலிருந்த தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். “வெளியே கூட்டிக்கொண்டு போ.”

வாசலில் அந்த மனிதர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். “பயந்திட்டீங்களா?”

“ஓம் அண்ணை.”

“உங்கட வேலைக்குக் கரைச்சல் வருமா?”

“தெரியேல்லை.”

தலையாட்டிவிட்டு வெக்ஸ்போர்ட் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார்.

வேலை போகவில்லை. அடுத்த கிழமை என்னைக் கோப்பைகளும் தட்டுகளும் வைத்த அறைக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை.