மூடி வைத்த வால்வு

எங்கள் கிரஷரில் கல்லுக்கு மூன்று கண்டம். டிப்பர் கொண்டுவந்து கொட்டும் பாறையை முதல் இயந்திரம் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்துக் கடித்து உடைக்கும். இரண்டாவது அதை இன்னும் பொடிசாக்கும். கடைசியில் ஆடுகிற சல்லடைகள் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மாவு என்று பிரித்துவிடும். பெங்களூரில் எந்த அபார்ட்மெண்டைப் பார்த்தாலும் அதில் நான் சலித்த ஜல்லி இருக்கும் என்று பீற்றிக்கொண்ட காலம் உண்டு.

சல்லடை என் பொறுப்பு. என் மனைவி கீழே, பெல்ட்டில் வரும் மண்கட்டியையும் வேரையும் பொறுக்குவாள். ஸ்ரீராம்புரத்திலிருந்து இருவரும் ஒரே டெம்போவில் போய் வருவோம்.

தூசி எழாமல் இருக்கக் கல்லின் மேல் தண்ணீர் தெளிக்கும் குழாய் இருந்தது. ஆனால் ஈரம் பட்டால் மாவு குழைந்து சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். மேஸ்திரி வாயில் வந்ததையெல்லாம் பேசுவார். அதனால் நான் வால்வை மூடிவிடுவேன். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் மட்டும் திறப்பேன்.

சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். அதைத் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். என் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிடுவேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு.

பதினோரு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு அவளுக்கு இருமல் வந்தது, போகவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் கல்தூசியால் இறுகிவிட்டது, இனி சரியாகாது என்றார். அங்கே தண்ணீர் தெளிக்க மாட்டார்களா என்று கன்னடத்தில் கேட்டார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் முந்திக்கொண்டாள். "அல்லி நீரே பர்தா இர்லில்ல சார்."

அங்கே தண்ணீரே வராதாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன? வால்வ மூடுனது நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு வாங்கினாள். "தொறந்து வெச்சா சல்லட அடச்சிக்கும். மேஸ்திரி உன்னத்தான திட்டுவாரு. எல்லார் எதிர்லயும்."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு ஸ்டாப் ஆயிற்று.